உள்ளே காயாத துணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவில் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை, ஆனாலும் பள்ளிக்கூடத்து மாடிப்படியை அவள்தான் கூட்ட வேண்டுமாம், வேறு யார் கூட்டினாலும் மூலையில் குப்பை நின்றுவிடுகிறதாம். கடையில் கூரை ஒழுகுகிறது, மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் தாள் கட்டிவிட்டு அதன் கீழே குனிந்து உட்கார்ந்து தைக்கிறேன், பார்க்கிறவர்கள் நான் மெஷினுக்குக் கும்பிடு போடுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு இருமல் என்றாயே, விட்டதா? இதையெல்லாம் போனில் கேட்டால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் உன் அம்மா பக்கத்தில் நிற்பாள், நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் அவள் நாலு சொல்லி முடித்துவிடுவாள். அதோடு இந்த விஷயத்தை ஒரு தகப்பன் மகளிடம் வாயால் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை, எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விஷயம் மைக்கூட்டைப் பற்றியது. நீ ஓர் உதவி செய்ய வேண்டும், என்ன உதவி என்பதைப் பின்னால் எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேள்.

உன் சித்தப்பா மகளுக்கு மைக்கூடு என்று பெயர் வைத்தது நீதான். எழுதப் பழகிய காலத்தில் விரல், கன்னம், சட்டை என்று எல்லா இடத்திலும் மையோடு வந்து நிற்பாள், அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பத்தாவது படிக்கிறாள் என்று எழுதுவதா, படித்தாள் என்று எழுதுவதா என்று தெரியாமல்தான் இந்த வரியில் இவ்வளவு நேரம் நிற்கிறேன். கணக்கில் புலி. கடைக்கு வந்தால் நான் டேப்பைப் பிடித்து முடிப்பதற்குள் எவ்வளவு துணி மிஞ்சும் என்று சொல்லிவிடுவாள், எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் சரியாக இருக்கும். அப்படிப்பட்டவள் மாதாமாதம் சில நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. அவள் மட்டும் இல்லை, அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் என்பது அம்மாவுக்குத் தெரியும், ஆயாவாக இருப்பவளுக்குத் தெரியாதது அங்கே என்ன இருக்கிறது. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழாயில் தண்ணீர் வந்தால் வரும். கடையில் விற்கிற நாப்கினை மாதம் தவறாமல் வாங்கித் தருகிற வீடு குறைவு. பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு வந்தால் நழுவுகிறது, பெஞ்சில் கறை படுகிறது, பின்னால் இருப்பவள் பார்த்துவிடுகிறாள், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை வீட்டோடு நின்றுகொள்கிறாள். நின்று நின்று பாடம் விட்டுப்போய், பிறகு ஒரேயடியாக நின்றுவிடுகிறாள். கணக்கு டீச்சர் ஒருநாள் அம்மாவிடம், நான் நடத்துறது பாதி பேருக்குத்தான் போய்ச் சேருது ஆயாம்மா, மீதி பேர் அன்னைக்கு இருக்கிறதே இல்ல, இதுக்கு ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்களேன் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் சொன்னது ஒரு பேச்சுக்கு. உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, அவளிடம் பேச்சுக்குச் சொல்லக் கூடாது.

அன்று சாயங்காலமே கடைக்கு வந்து, வெட்டும் மேசை மேல் பழைய துண்டு ஒன்றைப் போட்டு, பழுப்புத் தாளில் வெட்டிய ஒரு அச்சையும் வைத்து, இப்படி தச்சுக் குடுங்க என்றாள். நான் கோட்டுத் தைக்கிறவன், அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது எந்த ஊர் காலர் என்று கேட்டேன். சொன்னாள். கடையில் இரண்டு பேர் அளவு கொடுக்க நின்றிருந்தார்கள், எனக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர்கள் போன பிறகு, உனக்கு வெட்கமே இல்லையா என்று குதித்தேன். அவள் நிதானமாக, ஊர்ல உள்ள ஆம்பளைங்க இடுப்பையெல்லாம் அளந்தீங்க, அப்ப வராத வெட்கம் இப்ப எங்கேருந்து வந்துச்சு என்றாள். அச்சை எடுத்துத் துணி மேல் வைத்தேன். கொஞ்ச நாள் நான் அதற்குப் பெயரே சொல்லவில்லை, அந்தச் சமாச்சாரம் என்பேன், அவள் விடவில்லை, மாதவிடாய்த் துணின்னு வாயைத் தொறந்து சொல்லுங்க, நாக்கு அழுகிடாது என்று என்னைச் சொல்ல வைத்தாள். யாராவது கேட்டால் சூடான பாத்திரம் பிடிக்கிற துணி என்று சொல்லிவைத்தேன். அதைக் கேட்டுவிட்டு எதிர்க்கடை இஸ்திரிக்காரர், எனக்கும் ஒண்ணு குடுங்க, பெட்டியைத் தூக்கக் கை சுடுது என்று ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரிடமிருந்து அதைத் திருப்பி வாங்க என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் நான் நின்ற நிலையைப் பார்த்து உன் அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இந்த வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

இனி எழுதப்போவதைப் பொறுமையாகப் படி. உன் அப்பன் எதைத் தைத்தாலும் கெட்டியாகத் தைப்பான் என்று பெயர் எடுத்தவன். கோட்டுத் தோள்பட்டைக்குள் பஞ்சு வைத்து, அடுக்கு அடுக்காகத் துணி கொடுத்து, நெருக்கு நெருக்காக வரித் தையல் போட்டு, துவைத்தாலும் அடித்தாலும் உருவம் மாறாமல் நிற்க வைப்பதுதான் என் தொழில். இதையும் அப்படியே தைத்தேன். மேலே பிளானல் துணி, நடுவில் பழைய துண்டு பல மடிப்பு, அடியில் ஈரம் தாண்டாமல் இருக்கக் குடைக்காரரிடம் வாங்கிய குடைத்துணி, எல்லாவற்றையும் சேர்த்து மூடி, விரல் அகலத்துக்கு ஒரு தையல் என்று ஓட்டி, விளிம்பு பிரியாமல் சுற்றிலும் பைப்பிங் பட்டி கொடுத்து, மடித்து மாட்ட இரண்டு பக்கமும் இறக்கை வைத்து பிரஸ் பட்டன் போட்டேன். அம்மா, கொஞ்சம் லேசா தைங்க என்றாள். பிரிகிற சாமான் என் கடையிலிருந்து போகாது என்று சொல்லிவிட்டேன். வெயில் அடித்த வரைக்கும் அது நன்றாகத்தான் போயிற்று. அம்மா பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாள், பிள்ளைகள் சொல்லிச் சொல்லி இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள். மைக்கூடு ஒரு நாள்கூட லீவு போடவில்லை. கணக்கு டீச்சர் கடைக்கே வந்து, வகுப்பு நிறைஞ்சிருக்குங்க, பார்க்கவே ஆசையா இருக்கு என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது வந்தால் மேசை மேலேயே பரப்பி வைத்துக்கொண்டு, இது என்னவென்று அவர்கள் கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

பிறகு மழை பிடித்தது. சித்தப்பா இருக்கிற வரிசை வீடுகளை நீ மறந்திருக்க மாட்டாய், எல்லா வீட்டுக்கும் சேர்த்து முற்றத்தில் ஒரே கொடி, மாடியில் வாடகைக்கு இருக்கிற பையன்கள் எந்நேரமும் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். அந்தக் கொடியில் இதைப் போட உன் சித்தி சம்மதிக்கவில்லை. வெயில் காலத்தில் மைக்கூடு கூரை மேல் யாரும் பார்க்காத மூலையில் ஓட்டுக்கு இடையில் செருகிக் காயவைத்திருக்கிறாள். மழையில் அதுவும் முடியாது. கட்டிலுக்கு அடியில் ஒரு கயிறு கட்டி, அதில் போட்டு, மேலே பழைய போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறாள். தொட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருக்கும். நடுவில் அத்தனை மடிப்பும் அடியில் குடைத்துணியும் வைத்து மூடித் தைத்ததற்குள் காற்று எங்கே போகும்? உள்ளே ஈரம் அப்படியே நின்றிருக்கிறது. அந்த ஈரத்தை அந்தப் பிள்ளை உடம்போடு கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், மாதக்கணக்காக. அரித்திருக்கிறது, புண்ணாகியிருக்கிறது, சொல்லவில்லை. சொன்னால் துணியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். அரைவருடப் பரீட்சையில் எழுதிக்கொண்டிருந்தவள் எழுந்திருக்க முடியாமல் அப்படியே பெஞ்சில் சாய்ந்துவிட்டாள், உடம்பு அனலாகக் கொதித்திருக்கிறது. அம்மாதான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். புண்ணில் தொடங்கியது உள்ளே மேலே ஏறிச் சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள். டாக்டரம்மா அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிக் காட்டினாள். நான் போய் நின்றபோது அது ஒரு தட்டில் இருந்தது. உள்ளே கருகருவென்று பூஞ்சை, வாடை மூக்கைப் பிடித்தது. நான் எதைப் பார்த்தேன் தெரியுமா? பழக்கத்தில் தையலைத்தான் பார்த்தேன். ஒரு தையல்கூட விடவில்லை.

பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வீட்டோடு வந்துவிட்டாள். உன் சித்தப்பா மறுநாள் காலையில் கடைக்கு வந்து, நான் தைத்ததில் அவன் வீட்டில் இருந்த அத்தனையையும் ஒரு பையில் கொண்டுவந்து மேசையில் கொட்டினான். ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம். அண்ணே, நீ தச்சது போதும், எம் பொண்ணை நான் பாத்துக்குறேன், இனிமே அவ பள்ளிக்கூடத்துப் பக்கம் போகமாட்டா என்றான். அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை, மெதுவாகச் சொன்னான். பள்ளிக்கூடத்திலும் பெரிய டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, இந்த வேலையெல்லாம் இங்க வேண்டாம், ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டாள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுவதைப் பற்றி அவள் பேசவில்லை. பிள்ளைகள் பாதிப் பேர் பழையபடி வீட்டில் நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கொடுத்த துணியையெல்லாம் வீடு வீடாகப் போய் வாங்கிவந்து, கடை வாசலில் உட்கார்ந்து பிளேடால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நான் போட்ட தையல் லேசில் பிரியுமா, விரலெல்லாம் அறுத்துக்கொண்டாள். பிரித்து முடித்துவிட்டு, இப்ப நான் சொல்றபடி தைங்க என்றாள். மெல்லிய உறை ஒன்று, அதில் இறக்கையும் பட்டனும். அதற்குள் செருகிக்கொள்ள, ஒற்றைத் துணி, மடித்தால் தடிப்பாகும், பிரித்துக் கொடியில் போட்டால் கைக்குட்டை மாதிரி ஒரே சீராகக் காய்ந்துவிடும், குடைத்துணியே கிடையாது. என் கைக்கு அது வேலையாகவே தெரியவில்லை, ஓரம் மடித்து அடிப்பது மட்டும்தான். கடைக்கு முன்னால் தெருவைப் பார்த்து ஒரு கொடி கட்டி, துவைத்து அதில் போட்டுப் பார்த்தாள், மழை விட்ட வெயிலில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்றுதான் போட்டாள்.

இப்போது அந்த உதவி விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா அவளை மீன் கம்பெனிக்கு அனுப்பப்போகிறேன் என்கிறான், மீனை வெட்டி டின்னில் அடைக்கிற இடம், அங்கேயே தங்கும் விடுதியும் உண்டாம், ஏஜெண்டிடம் பேசிவைத்துவிட்டான். மழைக்காலம் முடிந்துதான் வண்டி வருமாம். அதற்குள் அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டால் பரீட்சை எழுதிவிடுவாள், எழுதினால் தேறிவிடுவாள், அது எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பேசினால் அவன் காதைப் பொத்திக்கொள்கிறான், பேசுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை. அம்மா பேசினால் சண்டையாகிறது. உன்னை அவன் தோளில் தூக்கிச் சுமந்தவன், நீ வெளியூர் கிளம்பிய அன்று எங்களைவிட அதிகமாக அழுதவன், நீ சொன்னால் கேட்பான். அவனிடம் கோபப்படாதே, அவன் கெட்டவன் இல்லை, பிள்ளை கட்டிலில் நினைவில்லாமல் கிடந்ததைப் பார்த்தவன், பயந்துபோயிருக்கிறான். மைக்கூடு பின்பக்கமாக வந்து, அக்காகிட்ட சொல்லுங்க பெரியப்பா, அக்கா சொன்னா அப்பா கேப்பாரு, எனக்கு இப்ப வலியே இல்லன்னு சொல்லுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருக்கிறது. நடக்கும்போது இன்னும் ஒரு பக்கம் சாய்கிறாள், வலி இல்லை என்கிறாள்.

மேலே உள்ளதை எழுதிவிட்டுத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். நானும் நாலு வரி எழுதுறேன், ஒட்டிடாதீங்க என்று உன் அம்மா சொன்னாள், அவளுக்கு உட்கார நேரம் வரவில்லை, அதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. மீன் வரத்து அதிகமாம், ஆள் பற்றவில்லையாம், மழை நிற்பதற்கு முன்னாலேயே வண்டியை அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இஸ்திரிக்காரர்தான் ஓடிவந்து, உங்க தம்பி வீட்டு வாசல்ல வேன் நிக்குது என்றார். நான் டேப் கழுத்தில் தொங்க அப்படியே ஓடினேன். தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றான், அண்ணே, ஒண்ணும் பேசாத, எல்லாம் பேசியாச்சு என்றான். வேனுக்குள் அவள் வயதுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மைக்கூடு பள்ளிக்கூடப் பையில்தான் துணிமணியை வைத்துக்கொண்டு போனாள், வேறு பை இல்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பெரியம்மாகிட்ட சொல்லிடுங்க, புது மாதிரியில ரெண்டு எடுத்துக்கிட்டேன் என்று மட்டும் சொன்னாள். நான் சரி என்று தலையாட்டினேன். ஆகவே நீ இனிமேல் சித்தப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம்.

சித்தி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை எழுதுகிறேன். பெரிய கொட்டகை, உள்ளே குளிர், தரை முழுக்க ஐஸ் தண்ணீர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேசை ஓரமாக வரிசையாக நிற்க வேண்டும். மணி அடித்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம், மணிக்கு முன்னால் நகரக் கூடாது. அந்த நாட்களில் பிள்ளைகள் சமாளிக்க முடியாமல் விடுதியில் படுத்துவிடுவார்களாம், இரண்டு தடவை அப்படிப் படுத்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மைக்கூடு தன்னிடம் இருந்ததில் ஒன்றைப் பக்கத்துப் படுக்கைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள், அது ஒருத்தி சொல்லி ஒருத்தி என்று மேற்பார்வை பார்க்கிற அம்மா வரைக்கும் போய், அங்கிருந்து மேனேஜர் வரைக்கும் போயிருக்கிறது. போன வாரம் அந்த ஏஜெண்ட் கடைக்கு வந்தான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, இதைக் கட்டிக்கிட்டா புள்ளைங்க லீவே போடமாட்டேங்குறாங்களாம் சார், மேனேஜர் ரொம்ப சந்தோஷப்படுறாரு, மொத்தமா வேணும் என்றான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடாமல் இருக்கத் தைத்ததை, மீன் வெட்டுவதற்கு லீவு போடாமல் இருக்கக் கேட்கிறான். கத்தரிக்கோல் கையில் இருந்தது, வெளியே போடா என்று சொல்லிவிட்டேன். இதைச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள், தைங்க என்றாள். என்ன சொல்ற நீ, அவனுக்கா என்றேன். அவனுக்கு ஏன் தைக்கணும், அங்க தண்ணியில நிக்கிறதும் புள்ளைங்கதான, கந்தலைக் கட்டிக்கிட்டு நிக்கட்டுமா என்றாள். மறுநாள் ஏஜெண்டைத் தேடிப்போய் நானே சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். உன் சித்தப்பா கேள்விப்பட்டுக் கடைக்கு வந்து, இத்தனை நாளுக்குப் பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பெனிக்காரங்களே கேக்குறாங்கன்னா நல்ல சாமான்தான்ணே என்றான். சமாதானமாகப் போக வந்திருக்கிறான் என்று தெரிந்தது. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அடித்திருக்க வேண்டும், டீ வாங்கிக் கொடுத்தேன்.

இன்று கணக்குப் பரீட்சை. அம்மா விடியற்காலையிலேயே போய்விட்டாள், பெஞ்செல்லாம் துடைத்து எண் ஒட்ட வேண்டும். மைக்கூட்டுக்கும் எண் வந்திருந்ததாம், பேரை யாரும் எடுக்கவில்லை, ஜன்னல் ஓரத்தில் இடமாம். அதையும் துடைத்திருக்கிறாள். மத்தியானம் வந்து உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மணி அடிச்சேன், எல்லாரும் உள்ள போயிட்டாங்க, கொஞ்ச நேரம் வாசல்லயே நின்னேன், அப்புறம் கதவை நான்தான் சாத்தினேன் என்றாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இடுப்பிலிருந்து மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள், கேள்வித்தாள். யாரும் வராத இடத்துக்கு வைத்த தாள் மிஞ்சியதைக் கணக்கு டீச்சர் கொடுத்திருக்கிறாள். மைக்கூடு சித்தியிடம் காதோடு காதாகச் சொல்லியனுப்பியிருக்கிறாள், பரீட்சை முடிந்த அன்றைக்கே கேள்வித்தாளைப் பெரியம்மாவிடம் வாங்கி எப்படியாவது அனுப்ப வேண்டுமாம், அவள் அங்கே போட்டுப் பார்க்க வேண்டுமாம். விடுதியில் புத்தகம், தாள் எதுவும் சேர்ப்பதில்லை, பார்சல் வந்தால் வார்டன் பிரித்துக் கிளறிப் பார்த்துத்தான் கொடுப்பாளாம். நாளைக்குக் காலையில் ஏஜெண்ட் வண்டி வருகிறது. தைத்து முடித்ததையெல்லாம் கட்டி வைத்திருக்கிறேன், மைக்கூட்டுக்கென்று தனியாக ஒரு சின்னக் கட்டு, அதன் நடுவில் கேள்வித்தாளை வைத்துச் சுற்றியிருக்கிறேன். மாதவிடாய்த் துணிக் கட்டுக்குள் எவரும் கை விடமாட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதியில் போன் கொடுப்பார்களாம், எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டுப் பேசு, உடம்பைக் கேள், பரீட்சையைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவள் பேசினால் கேட்டுக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், ஈரத் தலையோடு வெளியே அனுப்பாதே. நீயும் உன் துணியை வெளிச்சம் படுகிற இடத்தில் போட்டுக் காய வை, அங்கே யார் பார்த்தாலும் பார்க்கட்டும், அப்பன் சொன்னான் என்று சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல் நீடு வாழ வேண்டும். பேத்தியை எந்தக் காரணத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடாதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
உன் அப்பா

அம்மா எழுதுவது: நான் எழுத நினைத்ததை எல்லாம் உன் அப்பா எழுதிவிட்டார். கேள்வித்தாளை நான் படித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கூட்டுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.